தோட்டப்புறத்து லாயரை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிந்துரைப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில், பேர் எடுத்த லாயர் ஒருவர் நீதிபதியாக வரவேண்டும் என்று நாலு பேருக்குத் தோன்றினால் முதலில் நடப்பது இதுதான். கோயில் கமிட்டி, முன்னாள் மாணவர் சங்கம், தோட்டத்து இளைஞர் மன்றம் என ஆளுக்கொரு லெட்டர்ஹெட்டில் கடிதம் அடிப்பார்கள். முந்நூறு கையெழுத்து வாங்குவார்கள். எல்லாவற்றையும் கட்டி ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஆபீசில் கொடுத்துவிட்டு, "அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று காத்திருப்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டு லாயருக்கு உதவாது. கெடுத்தாலும் கெடுக்கும்.

ஏன் என்று தெரிய 2007க்குப் போகவேண்டும். நீதிபதி நியமனங்களைப் பற்றி வழக்கறிஞர் ஒருவர் தொலைபேசியில் பேசுவதுபோன்ற காணொளி அந்த ஆண்டு வெளியானது. செப்டம்பரில் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடைப்பேரணி போனார்கள். 2008இல் அரச விசாரணை ஆணையம் கூடியது. 2009இல் சட்டம் 695 வந்து நீதித்துறை நியமன ஆணையம் உருவானது. அதில் 9 பேர். தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர், மலாயா, சபா சரவாக் உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள் இருவர், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், அரசாங்க வேலையில் இல்லாத பிரமுகர்கள் நால்வர். "ஒரு வார்த்தை சொல்லும்" பழக்கத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆணையத்தின் முடிவைத் தன் பக்கம் இழுக்கப் பார்ப்பதை அந்தச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆகவே ஆணைய உறுப்பினர் யாருக்கும் கடிதம் போடாதீர்கள், போன் பண்ணாதீர்கள், விருந்தில் பார்த்தால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். டவுனில் எல்லாரும் "ஜட்ஜ்" என்று கூப்பிடுகிற மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் பெரும்பாலும் அரசாங்கச் சட்டத்துறை அதிகாரிகள். அவர்கள் நியமனம் வேறு பாதை. இங்கே சொல்வது ஈப்போ, தைப்பிங் போன்ற ஊர்களில் உட்காரும் உயர் நீதிமன்ற நீதிபதி பதவியைப் பற்றி மட்டும்.

தகுதியை முதலில் எண்ணிப் பாருங்கள்

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இரண்டே கேட்கிறது: மலேசியக் குடிமகனாக இருக்கவேண்டும், நியமனத்துக்கு முந்தைய 10 ஆண்டுகள் வழக்கறிஞராகவோ, நீதி மற்றும் சட்டச் சேவையிலோ, இரண்டிலும் மாறி மாறியோ இருந்திருக்கவேண்டும். இந்தப் "10 ஆண்டு வழக்கறிஞர்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வியைக் கூட்டரசு நீதிமன்றம் வரை கொண்டுபோனது வேறு யாருமல்ல, அகில மலாயா தோட்டப் பணியாளர் சங்கம்தான். சட்ட விரிவுரையாளராக இருந்தவர் நீதி ஆணையரானது (நிரந்தர நீதிபதி ஆகுமுன் உயர் நீதிமன்றத்தில் அமர்த்தப்படும் பதவி) செல்லுமா என்பது வழக்கு. வழக்கறிஞராகப் பதிவு பெற்று 10 ஆண்டு ஆகியிருந்தால் போதும், அத்தனை ஆண்டும் கோர்ட்டில் தொழில் செய்திருக்கவேண்டும் என்பதில்லை என்று 2006இல் நீதிமன்றம் சொன்னது. நடுவில் இரண்டு வருஷம் பிராக்டிஸ் விட்டுவிட்டு அப்பாவின் செம்பனைத் தோட்டத்தைக் கவனித்தவர்கூட இதனால் தகுதி இழப்பதில்லை.

வயதையும் பாருங்கள். நீதிபதி 66 வயதில் ஓய்வு பெறவேண்டும். வெளியிலிருந்து வருபவர் பெரும்பாலும் முதலில் நீதி ஆணையராகச் சுமார் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுத்தான் நிரந்தர நீதிபதி ஆவார். 62 வயதில் விண்ணப்பித்தால் ஆணையத்துக்கு அதில் என்ன லாபம்? ஐம்பதை ஒட்டியே ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

விண்ணப்பம் லாயரின் கையால்தான்

உயர் நீதிமன்றப் பதவிக்குத் தகுதியுள்ளவர்களிடமிருந்து விண்ணப்பம் பெறுவது ஆணையத்தின் வேலைகளில் ஒன்று. ஆகவே ஊர்க்காரர்கள் செய்யவேண்டிய முதல் பரிந்துரை, அந்த லாயரிடமே போய் "நீங்கள் விண்ணப்பியுங்கள்" என்று சொல்வது. நம்மவர்களில் பலர் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே வயதைக் கடத்திவிடுகிறார்கள்.

கடிதம் எழுதுபவர்கள் அதை லாயரிடம் கொடுக்கவேண்டும். அவர் தன் கோப்போடு சேர்த்து அனுப்பட்டும். மொழி மலாய் அல்லது ஆங்கிலம். எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழ்க் கடிதம் வேண்டாம். மொழிபெயர்ப்பு கேட்டுத் திரும்பி வந்தால் வாரக்கணக்கில் நேரம் போகும்.

யார் எழுதலாம்? அதிக பலமுள்ள கடிதம் எதிர்த்தரப்பில் நின்று வழக்காடிய லாயருடையது. அடுத்து, அவரைக் கோர்ட்டில் பல வருஷம் பார்த்த ஓய்வுபெற்ற நீதிபதி அல்லது செஷன்ஸ் நீதிபதி. அதன்பின் தொழிற்சங்கத்தின் தொழில் உறவு அதிகாரி, நில அளவையாளர், மதிப்பீட்டாளர் போன்று வேலையில் அவரோடு உரசிப் பார்த்தவர்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் கட்சிக்காரர் எழுதக்கூடாது. சம்பந்தி, மைத்துனர் வகையறாவும் கூடாது. மூன்று கடிதம் போதும். ஏழாவது கடிதத்தைப் படிக்கும்போது எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்ட வாசனை வந்துவிடும்.

கடிதத்தில் என்ன எழுதுவது

சட்டம் 695இன் 23ஆம் பிரிவு அளவுகோல்களை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது: நேர்மை, திறமை, அனுபவம், நடுநிலை, நல்லொழுக்கம், முடிவெடுக்கும் திறன், காலத்தில் தீர்ப்புச் சொல்லுதல், நல்ல சட்ட எழுத்து, உழைப்பு, வழக்குகளை நிர்வகிக்கும் ஆற்றல், உடல் நலம், மன நலம். கடிதத்தின் ஒவ்வொரு பத்தியும் இவற்றில் ஒன்றுக்குச் சாட்சியாக நிற்கவேண்டும். நிற்காத பத்தியை வெட்டுங்கள்.

வழக்கமாக வருகிற வாசகம் இப்படி இருக்கும்: "நேர்மையானவர், ஏழைத் தொழிலாளர்களுக்காகப் பாடுபடுபவர், அனைவராலும் மதிக்கப்படுபவர்." இதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் படிப்பவர் சரிபார்க்க எதுவும் இல்லை. இதே லாயரைப் பற்றி எதிர்த்தரப்பு லாயர் எழுதுவதாக வைத்துக்கொண்டு இந்த மாதிரியைப் பாருங்கள்:

"லயத்து வீடுகளைக் காலி செய்யக் கோரி, நீதிமன்ற விதிகள் 2012இன் 89ஆம் கட்டளையில் உள்ள சுருக்க நடைமுறைப்படி தோட்ட நிர்வாகம் போட்ட வழக்கில் நான் நிர்வாகத்துக்காகவும் அவர் 11 குடும்பங்களுக்காகவும் ஆஜரானோம். இந்தக் குறுக்குவழி பொருந்தாது, சாட்சி விசாரணை வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு எதிரான மேல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று என் கண்ணில் படவில்லை. அவரே அதை எடுத்துவைத்து, இங்கே ஏன் பொருந்தாது என்று நான்கு பக்கத்தில் எழுதினார். ஒருமுறைகூட ஒத்திவைப்பு கேட்கவில்லை. வழக்கில் அவர் தோற்றார். வீடு காலி செய்யும் நாளைக் குறித்துப் பேச மறுநாளே என் ஆபீசுக்கு வந்தார்."

'நேர்மை' என்ற சொல்லே இதில் இல்லை. தனக்குப் பாதகமான தீர்ப்பைத் தானே கோர்ட்டுக்குக் காட்டினார் என்ற ஒரு வரி போதும். நான்கு பக்கம் என்பது எழுத்துத் திறனுக்கு, ஒத்திவைப்பு கேட்காதது வழக்கு நிர்வாகத்துக்கு, தோற்ற மறுநாள் வந்தது குணத்துக்கு. தோற்ற வழக்கைச் சொல்லத் தயங்கவே வேண்டாம். ஜெயித்தவற்றை மட்டும் அடுக்கினால் அது லாயர் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். உண்மைக் கடிதத்தில் வழக்கு எண்ணும் தேதியும் கட்டாயம் இருக்கவேண்டும்.

கடைசிப் பத்தியில் ஒரு குறையைச் சொல்லுங்கள். "குற்றவியல் வழக்கில் அனுபவம் குறைவு" என்று எழுதினால், மற்றதை எல்லாம் கொஞ்சம் கூடுதலாக நம்புவார்கள்.

வழக்குப் பட்டியல்

சிறு டவுன் லாயருக்கு இங்கேதான் இடிக்கும். விபத்து வழக்குகளில் நஷ்டஈடு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். அதனால் 25 வருஷம் கோர்ட் ஏறியவரின் பெயர்கூட தீர்ப்புகளை வெளியிடும் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் நாலு இடத்தில் இருக்காது. மிச்ச வேலை எல்லாம் வீடு, நிலம் வாங்கல் விற்றல் பத்திரம்.

தீர்வு: நீதிமன்றத்தின் மின்பதிவு முறையான இ-ஃபைலிங்கிலிருந்து உயர் நீதிமன்ற வழக்குகளை எடுத்து, எண்ணின் முன்பகுதி வாரியாகப் பிரியுங்கள். 12 என்றால் கீழ் நீதிமன்றத்திலிருந்து வந்த சிவில் மேல்முறையீடு, 15 நிலம் எடுப்பு நஷ்டஈட்டு வழக்கு, 22 ரிட் (சாட்சி விசாரணையோடு நடக்கும் சிவில் வழக்கு), 24 தொடக்க அழைப்பாணை (பெரும்பாலும் சத்தியப் பத்திரங்களை வைத்தே நடப்பது), 25 நீதிப்புனராய்வு (அரசு அமைப்பு அல்லது தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்ப்பது). இந்தப் பிரிவைப் பார்த்தாலே அவர் எப்படிப்பட்ட வேலை செய்தவர் என்று புரியும். 25இல் தொழில் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்த வழக்குகளும், 15இல் நெடுஞ்சாலைக்கோ வீடமைப்புக்கோ எடுத்த நிலங்களும் இருந்தால் அவற்றை முன்னால் வையுங்கள்.

காரணம் இருக்கிறது. அதே 23ஆம் பிரிவு, நீதித்துறையில் சட்ட நிபுணத்துவமும் அறிவும் பலவகைப்படவேண்டும் என்பதையும் கருதச் சொல்கிறது. "நம் இனத்தவர் ஒருவர் வேண்டும்" என்று எழுதினால் அந்த வாதம் சட்டத்தின் எந்த வரியிலும் ஒட்டாது. அதையே "தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, சங்க அங்கீகாரம், நிலம் எடுப்பு ஆகியவற்றில் இத்தனை வழக்கு நடத்தியவர்" என்று எழுதினால் நேராக ஒட்டும். சட்டம் 446ஐ, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டத்தை, கோர்ட்டில் உண்மையிலேயே எடுத்து வாதாடியவர்கள் நாட்டில் நிறையப் பேர் இல்லை.

எழுத்து மாதிரியாக மூன்று எழுத்து வாதங்கள் போதும். ஐந்து ஆண்டுக்குள் எழுதியதாக, அவரே எழுதியதாக இருக்கவேண்டும். ஜூனியர் எழுதி இவர் கையெழுத்துப் போட்டது நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் முள்

பெயர்களை ஆணையம் ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ், எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்), நொடிப்பு (திவால்) இலாகா ஆகியவற்றிடம் கொடுத்துச் சரிபார்க்கும். பல நல்லவர்கள் சிக்குவது லஞ்சத்தில் அல்ல, கவனக்குறைவில். பதினைந்து வருஷத்துக்கு முன் சித்தப்பா மகனின் லாரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். அவன் கட்டாமல் போயிருப்பான். 1,00,000 ரிங்கிட்டைத் தாண்டினால் திவால் வழக்கு இவர் மேல் வரலாம். நண்பர்களோடு பதிந்து மறந்துபோன செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) கம்பெனியில் இன்னும் இயக்குநராக இருப்பார். ஆண்டறிக்கை பல வருஷமாகப் போயிருக்காது. கோயில் கமிட்டிப் பொருளாளராக இருந்த காலத்துக் கணக்கு, சங்கப் பதிவு இலாகாவில் முடியாமல் கிடக்கும். வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் பழைய புகார் ஒன்று தள்ளுபடியானதா, வெறுமனே தூங்குகிறதா என்று அவருக்கே தெரியாது.

விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே இவை ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, தீர்க்க முடிந்ததைத் தீர்த்து, மிச்சத்தை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடவேண்டும். அரசியல் கட்சிக் கிளைப் பதவி இருந்தால் அதையும்தான். தானே சொன்னது விளக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். அவர்களே கண்டுபிடித்தால் கதை வேறு.

ஏற்கெனவே நீதி ஆணையராக இருப்பவருக்கு

இவர் நிரந்தரமாவதற்கு வெளிக்கடிதம் எதுவும் பெரிதாக உதவாது. தீர்ப்புகள்தான் பேசும். 23ஆம் பிரிவில் ஒரு கறாரான தடை இருக்கிறது: கெடு முடிந்து 60 நாளோ அதற்கு மேலோ ஆன, எழுதாத தீர்ப்புகள் அல்லது தீர்ப்புக் காரணங்கள் மூன்று அல்லது அதற்கு மேல் நிலுவையில் இருந்தால் நியமனம் கிடையாது. இரண்டு இருந்தால் தப்பிக்கலாம், மூன்றாவது விழுந்தால் கதவு அடைபடும். ஆகவே வாராவாரம் நிலுவைப் பட்டியலைப் பார்க்கவேண்டும். மிகப் பழையதை முதலில் எழுதவேண்டும். பிடித்த வழக்கை அல்ல.

அனுப்பிய பிறகு

ஆணையம் தேர்ந்த பெயர்கள் அறிக்கையாகப் பிரதமருக்குப் போகும். நீதி ஆணையர் என்றால் பிரதமர் தலைமை நீதிபதியைக் கலந்து ஆலோசனை சொல்ல, மாமன்னர் நியமிப்பார். நிரந்தர நீதிபதி என்றால் மாநில ஆட்சியாளர்களின் அவையான ஆட்சியாளர்கள் மாநாட்டையும் மாமன்னர் கலந்துகொள்ளவேண்டும். மாதக்கணக்கில் சத்தமே இருக்காது. "என்ன ஆச்சு" என்று கேட்டு யாரும் எங்கும் போகவேண்டாம். வாழ்த்து பேனர் அடிப்பது அதைவிடக் கெடுதல்.

லாயர் அந்த இடைவெளியில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தோட்டப்புற டவுனில் பாதி ஆபீஸ் தனியாள் நடத்துவது. நியமனம் வந்தால் ஆபீசைக் கைமாற்றவேண்டும், கட்சிக்காரர் கணக்கில் இருக்கும் பணம் ஒவ்வொரு காசுக்கும் ஆள் தெரியவேண்டும். நடப்புக் கோப்புகளுக்கு ஒரு பட்டியல், யாரிடம் போகவேண்டும் என்ற குறிப்பு, அந்த லாயரின் எழுத்துப்பூர்வச் சம்மதம், இந்த மூன்றையும் இப்போதே தயார் பண்ணி அலமாரியில் வைக்கலாம். யாருடையது என்று தெரியாமல் பல வருஷமாகக் கணக்கில் கிடக்கும் 400, 500 ரிங்கிட் தொகைகளைத்தான் முதலில் எடுக்கவேண்டும்; அவற்றின் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் தோட்டத்தை விட்டே போயிருப்பார்கள்.