லீவுக் கணக்கும் மலைக் கணக்கும்: கிளிமஞ்சாரோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நான்கு பொடியன்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தன்சானியாவில் இருக்கிற கிளிமஞ்சாரோ மலை ஏறப் போகிறார்களாம். ஒருவன் போனை நீட்டினான். "அண்ணா, மரங்கு பாதை, அஞ்சே நாள். ரெண்டு சனி ஞாயிறு, ஒரு பௌர்ணமி போயா விடுமுறை, எல்லாம் சேர்த்தா நாலு நாள் லீவு போதும். விலையும் குறைவு."

2016இல் நான் போட்ட அதே கணக்கு. அதே பாதை, அதே ஐந்து நாள், போயா உட்பட. பிளேன்டீ ஆறிப்போகும்வரை கதைத்தேன். அவர்கள் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் பாதிதான் உள்ளே போயிருக்கும் போல இருந்தது. அதனால் எழுதியும் வைக்கிறேன்.

கையுறை எடுங்கள், புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள், பருத்தி பனியன் வேண்டாம் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. எந்தக் கம்பனியின் பட்டியலிலும் அது இருக்கும்.

சிவனொளிபாத மலையை அளவுகோலாக வைப்பது

"மூன்று முறை சிவனொளிபாதம் ஏறியிருக்கிறேன்" என்று தொடங்காத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதன் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இரவு ஏறத் தொடங்கி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து, இறங்கி வந்து மத்தியானம் ஹட்டனில் சோறு சாப்பிடலாம். இரண்டு நாள் கால் வலிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் நாட்டின் மிக உயர்ந்த இடமான பீதுறுதாலகால மலை 2,524 மீற்றர். உயரத்தால் வருகிற நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது ஏறத்தாழ 2,500 மீற்றருக்கு மேல். அது தொடங்குகிற இடத்தில் எங்கள் தீவே முடிந்துவிடுகிறது. மரங்கு பாதையில் முதல் இரவு படுக்கிற மண்டாரா குடில் 2,720 மீற்றரில் இருக்கிறது. நுவரெலியாவில் ஒரு கிழமை தங்கினாலும் ஹோட்டன் சமவெளியில் தினமும் ஓடினாலும் கால்தான் பழகும். உயரத்துக்குப் பழக நமக்கு உள்ளூரில் இடமே இல்லை. மலையில்தான் பழக வேண்டும், அதற்கு நாள் வேண்டும்.

நாளைக் குறைப்பது

இதைப் பற்றிப் பேசும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 மே மாதம் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஆனார். கொழும்பில் நடக்கவே சோம்பல்படுகிறவர்கள்கூட அன்று மலையைப் பற்றிக் கதைத்தார்கள். எங்கள் நால்வருக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. ஓகஸ்டில் கிளம்பிவிட்டோம். பயணத்தை விற்றவர் எங்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எல்லாரும் ஓடுகிற ஆட்கள், உங்களுக்கு ஐந்து நாள் தாராளம்" என்றார். கேட்க இனிமையாக இருந்தது. கூட இரண்டு நாள் எடுத்தால் எவ்வளவு கூடும் என்று பார்த்தோம், லீவையும் பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம்.

இப்போது மலையின் கணக்கைப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா, 2,720 மீற்றர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் கிபோ குடில், 4,720. அங்கே சில மணித்தியாலம் படுத்து, அதே நள்ளிரவில் எழுந்து 5,895 மீற்றரில் இருக்கிற உஹுரு உச்சிக்குக் கிளம்ப வேண்டும். 3,000 மீற்றருக்கு மேல் போனால் படுக்கிற உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் நில் என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற பொது விதி. நாங்கள் நாளுக்கு ஆயிரம் மீற்றராகத் தாவினோம்.

ஹொரொம்போவிலேயே எனக்குத் தலையிடி. யாரிடமும் சொல்லாமல் இரண்டு பனடோல் போட்டேன். கிபோ குடிலில் சூப்பின் வாசனையே பிடிக்கவில்லை. எங்களில் அதிகம் ஓடுகிறவன், பாதி மரதன் முடித்தவன், வாசலில் குந்தியிருந்து சத்தி எடுத்தான். அவன்தான் இரண்டு நாளும் எல்லாருக்கும் முன்னால் நடந்தவன். நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு இந்த நோய் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வரும். கெதியாக நடக்க முடிகிறபடியால் கெதியாகவே உயரத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே விழுகிறார்கள்.

ஹான்ஸ் மேயர் குகைக்கு அருகில், ஏறத்தாழ 5,150 மீற்றரில், நான் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி என்னை எழுப்பி, ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதியை வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். சின்னப் பிள்ளை விளையாட்டு. மூன்றாவது அடியில் குடிகாரன் மாதிரிச் சரிந்தேன். நேராக நடக்க முடியாமல் போவது மூளையில் நீர் கோர்க்கத் தொடங்குவதன் அடையாளம். அதற்கு மருந்து கீழே இறங்குவது, அதுவும் உடனே. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. காசு கட்டியிருக்கிறேன், மேலே கூட்டிப்போ என்று அந்த மனிதரோடு சண்டை பிடித்தேன். அவர் பதில் பேசாமல் என் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். விடிந்தபின் ஹொரொம்போவில் எனக்குப் பசித்தது. இரண்டு கோப்பை சூப், பாண், முட்டை. முதல் நாள் சாகப் போகிறேன் என்று நினைத்த ஆள்!

உள்ளே நடப்பது இதுதான். மேலே காற்றழுத்தம் குறைய, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஒக்சிசன் குறைகிறது. உஹுருவில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதி. உடம்பு அதிகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறது. அப்படி வாங்கும்போது காபனீரொட்சைட்டு அதிகம் வெளியேறி இரத்தம் காரத் தன்மைப் பக்கம் சாய்கிறது. உடனே மூளை, போதும், மூச்சைக் குறை என்கிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தைச் சிறுநீரில் வெளியேற்றிச் சமப்படுத்தினால்தான் மூச்சு தடையில்லாமல் கூடும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நல்ல உயரத்தில் அடிக்கடி சிறுநீர் போவது அந்த வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம். இரவில் கூடாரத்தை விட்டு எழும்ப வேண்டியிருக்கிறதே என்று சலிக்க வேண்டாம். சிறுநீரகத்துக்கு உங்கள் லீவு விண்ணப்பம் தெரியாது.

குறைந்த நாள் ஏன் மலிவு என்றும் சொல்லிவிடுகிறேன். பூங்காக் கட்டணமும் தங்கும் கட்டணமும் சேர்ந்து ஒரு ஆளுக்கு நாளுக்கு நூறு டொலருக்கு மேல் போகிறது. நாளை வெட்டினால் விலை தானாக இறங்கும். நாங்கள் இரண்டு நாளில் மிச்சம் பிடித்தோம். கொழும்பிலிருந்து வளைகுடா வழியாகப் போய் வந்த விமான டிக்கட்டோடு முழுப் பயணக் காசும் வீண். 2018இல் எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன்.

மறுபடி போகத் துணிவு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. ஜயந்தியோடு 2016இல் போன ஜொஹான் பீரிஸ் 8,400 மீற்றர்வரை ஏறித் திரும்ப வேண்டி வந்தது. 2018 மே மாதம் திரும்பிப் போய் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அந்தச் செய்தியைப் படித்த கிழமையே நான் முன்பதிவு செய்தேன். இந்த முறை லெமோஷோ பாதை, எட்டு நாள். அதில் ஒரு நாள் லாவா டவர் என்ற 4,600 மீற்றர் இடத்துக்கு ஏறி, மத்தியானச் சாப்பாட்டை அங்கே முடித்து, இரவு படுக்க 3,900க்கு இறங்கிவிடுவார்கள். பகலில் உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு இரவில் கீழே தூங்க வைப்பது. ஏறியதை எதற்கு இறங்க வேண்டும் என்று என்னோடு வந்த ஒருவர் புறுபுறுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதே பாதையில் கரங்கா முகாமில் ஒரு இரவு வரும். அடுத்த முகாமான பராஃபு அங்கிருந்து சில மணித்தியால நடைதான், ஒரே நாளில் போய்விட்டால் ஒரு நாள் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். அந்த இரவைக் கைவிடாதீர்கள். உச்சிக்குப் போகிற இரவுக்கு முன் கிடைக்கிற கடைசி நல்ல தூக்கம் அது.

மரங்குதான் வேண்டும், கூடாரத்தில் படுக்க மாட்டேன், குடில்தான் வேண்டும் என்றால் சரி. ஆனால் ஆறு நாள் எடுங்கள். ஹொரொம்போவில் இரண்டாவது இரவு தங்கி, பகலில் ஸீப்ரா பாறைவரை ஏறி இறங்குவார்கள். பெரிய வித்தியாசம் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

சித்திரை லீவு

ஏப்ரலில் ஒபிஸ் ஒரு கிழமை மூடும். கிளிமஞ்சாரோவில் அப்போது பெருமழைக் காலம். மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை அதை மறந்துவிடுங்கள்.

வேகம்

வழிகாட்டி "போலே போலே" என்பார். சுவாஹிலியில் ஆறுதலாப் போ என்று அர்த்தம். ஆறுதலாப் போங்கள்.

குளிசையால் உண்மையை மூடுவது

அசெட்டசோலமைட், கடையில் டயமொக்ஸ் என்றால் தெரியும். மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் அது முடுக்கிவிடுகிறது. உதவும், ஆனால் நாளைக் குறைப்பதற்கு ஈடாகாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் வைத்தியரிடம் கேட்டு, கொழும்பிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி விறுவிறுக்கும். அது தெரியாமல் மலையில் முதல்முறை போட்டவர்கள் பயந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

என் தவறு பனடோல் போட்டதல்ல, போட்டதைச் சொல்லாதது. வழிகாட்டி பின்னேரம் வந்து தலையிடிக்கிறதா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பது உபசாரத்துக்கல்ல. எங்கள் ஆட்கள் "ஒன்றுமில்லை, ஓகே" என்று சிரிப்பார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஆரம்பத்திலேயே சொன்னால் ஒரு நாள் நிறுத்தி வைத்துப் பார்க்க வழியுண்டு. தூக்கம் வரவில்லை என்று தூக்கக் குளிசை போடுவது இதைவிட மோசம், அது மூச்சையே மந்தமாக்கும்.

சொப்பிங் பேக்

உடுப்பையெல்லாம் பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். தன்சானியாவில் 2019 முதல் அதற்குத் தடை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ 12 மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வைக்கிற மலிவு டிக்கட் வாங்கினால் ஊசி அட்டை கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும்.

காப்புறுதி

எத்தனை மீற்றர்வரை என்று பாருங்கள். 6,000 என்று எழுத்தில் இல்லாவிட்டால் வேறு வாங்குங்கள்.

போர்ட்டரின் தலையில் வீட்டை ஏற்றுவது

ஒரு போர்ட்டருக்கு 20 கிலோதான் என்று வாசலில் நிறுத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் முதல் முறை இரண்டு போத்தல் ஊறுகாய், ஒரு பொதி மிக்ஸர், மூன்று ஜீன்ஸ் எல்லாம் கொண்டுபோய் வாசலில் பையைப் பிரித்து வெட்கப்பட்டோம். டிப்ஸ் விலையில் சேர்ந்ததல்ல, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய டொலர் நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள். மிகவும் மலிவான பயணத்தில் குறைவது முதலில் இவர்களுடைய கூலிதான் என்பதையும் விலை பேசும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்துக்குப் பழகாமல் போவது

மரைன் டிரைவில் ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து கிலோமீற்றர் நடந்தேன் என்பார்கள். நல்லது, ஆனால் அது தட்டை. லெமோஷோவில் உஹுருவிலிருந்து அதே நாளில் 3,100 மீற்றரில் இருக்கிற முவேகா முகாம்வரை இறங்க வேண்டும். இரவு முழுக்க ஏறிய காலோடு, ஏறத்தாழ 2,800 மீற்றர் இறக்கம். 2018இல் உச்சியில் படம் எடுத்துச் சிரித்த நான் அன்று பின்னேரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். கால் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்து, பிறகு கழன்றன.

கொழும்பில் மலை இல்லை, ஆனால் பிளாட் இருக்கிறது. முதுகுப் பையில் ஆறு போத்தல் தண்ணீரை வைத்து எட்டு மாடி ஏறுங்கள், முக்கியமாக லிப்டில் இறங்காமல் படியிலேயே இறங்குங்கள். நான் இப்போதும் கிழமைக்கு மூன்று நாள் செய்கிறேன். நாலாம் மாடி அன்ரி பார்க்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, "தம்பி, லிப்ட் வேலை செய்யுதுதானே?" என்று கேட்கிறார்.