மூளை ஸ்பெக்ட் ஸ்கேன்: காலிமேட்டரில் நடக்கும் தவறுகள்

கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு, மூளையிலிருந்து வரும் காமா கதிர்களைத் தலையைச் சுற்றும் கேமராவால் படமெடுப்பது ஸ்பெக்ட் ஸ்கேன். வேலூரில் இந்த ஸ்கேனுக்குப் படுக்கிறவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கியவர்கள். ஆரணி, குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. "படம் சரியாக வரவில்லை, மறுபடி வாருங்கள்" என்று அவர்களிடம் சொல்ல நேர்வது கொடுமை. படம் மங்கினால் மருந்தையும் கேமராவையும்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். காலிமேட்டரில் நடந்த பிழையாகவும் அது இருக்கலாம்.

காலிமேட்டர் என்பது கதிரைப் பதியும் கேமராப் படிகத்தின் முன்னால் மாட்டும், ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயப் பலகை. துளைக்கு நேராக வரும் காமா கதிர் மட்டும் படிகத்தைத் தொடும், சாய்ந்து வருவது ஈயச் சுவரில் அடங்கிவிடும். நுண்துளைப் பலகையில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு கதிர்தான் கடக்கிறது. இதைப் பார்த்துப் பயந்து, கவுண்ட் (பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கை) கூடட்டும் என்று அகலத் துளையுள்ள ஜெனரல் பர்ப்பஸ் காலிமேட்டரை மாட்டுவது முதல் தவறு. துளை அகலமானால் கவுண்ட் ஏறும், தெளிவு போகும். புட்டாமென், காடேட் போன்றவை மூளையின் ஆழத்தில் ஒரு செ.மீ. சொச்சம் அகலமே உள்ள பகுதிகள். மங்கலில் அவை பக்கத்துத் திசுவோடு கரைந்துவிட்டால் பிறகு எந்த ஃபில்டரும் முழுதாக மீட்டுத் தராது. கவுண்ட் குறைவை நேரத்தால் ஈடுகட்டலாம். நுண்துளையுள்ள ஹை ரெசல்யூஷன் காலிமேட்டரையே மாட்டி, அரை மணி நேரம் எடுங்கள். ரத்த ஓட்ட ஸ்கேனில் மொத்தம் 50 லட்சம் கவுண்டாவது சேர வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் படத்தைக் கெடுப்பது, காலிமேட்டருக்கும் படமாகும் இடத்துக்கும் உள்ள தூரம். 1.1 மி.மீ. அகலமும் 24 மி.மீ. நீளமும் உள்ள துளையை எடுத்துக்கொள்வோம். நீளத்தோடு தூரத்தைக் கூட்டி, அதை நீளத்தால் வகுத்து, துளை அகலத்தால் பெருக்கினால் மங்கலின் அளவு கிடைக்கும். 13 செ.மீ. தூரத்தில் அது சுமார் 7 மி.மீ., 20 செ.மீ. தூரத்தில் 10 மி.மீ.க்கு மேல். படிகத்தின் சொந்த மங்கல் இதற்கு மேல் சேரும். விலை உயர்ந்த காலிமேட்டரின் பயன் முழுவதும் இந்த ஏழு செ.மீ. இடைவெளியில் கரைந்துவிடுகிறது.

இடைவெளி விழக் காரணம் பெரும்பாலும் தோள்பட்டை. டிடெக்டரின் (படிகமும் காலிமேட்டரும் உள்ள கேமராத் தலை) கீழ் விளிம்பு தோளில் இடிக்கும் என்று, அது சுற்றும் வட்டத்தின் ஆரத்தைக் கூட்டிவிடுகிறோம். அகலமான படுக்கைப் பலகையிலேயே தலையை வைத்தாலும் இதே கதிதான். குறுகலான தலைத்தாங்கியை மாட்டி, தலை முழுவதும் படுக்கைக்கு வெளியே வரும்படி நோயாளியை மேலே நகர்த்துங்கள். கைகளை உடலோடு ஒட்டி வைத்து, தோள்களைக் கீழே இழுத்துப் பட்டை கட்டுங்கள். ஆரம் 11 முதல் 15 செ.மீ.க்குள் நிற்க வேண்டும். அதற்காகச் சிறுமூளை படத்துக்கு வெளியே போய்விடக் கூடாது. ரத்த ஓட்ட ஸ்கேனில் அது பெரிய இழப்பு. "தலையை அசைக்காதீர்கள்" என்பதை வங்காளியிலும் இந்தியிலும் கற்று வைத்துக்கொண்டு, ஸ்கேன் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

இந்தத் தோள் சிக்கலுக்கு வடிவமைப்பிலும் வழி தேடியிருக்கிறார்கள். சாய்துளைக் காலிமேட்டர் தலையை நெருங்கிப் போக வழி விடுகிறது. ஃபேன் பீம் என்ற இன்னொரு வகையில் துளைகள் குறுக்குவாட்டில் விசிறிபோல ஒரு கோட்டை நோக்கிக் குவிகின்றன. சிறிய தலை படிகத்தின் பெரும் பரப்பை நிரப்புவதால் அதே தெளிவில் கவுண்ட் கூடுகிறது. ஆனால் ஒரு கோணத்திலாவது தலை விளிம்பு புலத்துக்கு வெளியே போனால், ஓரத்தில் பொய்யான பிரகாசம் தோன்றும். கேமராவை முழுச் சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

அயோடின்-123 போட்டு டோப்பமைன் ஸ்கேன் செய்யும்போது வேறொரு குழி காத்திருக்கிறது. அதன் முக்கிய ஆற்றல் 159 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கூடவே 529-இல் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவான கதிர்கள் வருகின்றன. 0.2 மி.மீ. ஈயச் சுவருக்கு அவற்றைத் தடுக்கும் வலு இல்லை. பின்னணி ஏறி, ஸ்ட்ரையேட்டத்தின் (புட்டாமெனும் காடேட்டும் சேர்ந்த பகுதி) கவுண்டைப் பின்னணியோடு ஒப்பிடும் விகித எண் குறைந்து தெரியும். எண் கணக்கிட்டு அறிக்கை தருவதானால், சுவர் தடித்த மீடியம் எனர்ஜி வகைக் காலிமேட்டர் பொருந்தும். ஒப்பிடும் இயல்பு அளவுகளும் அதே காலிமேட்டரில் எடுத்தவையாக இருக்க வேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் இதே ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம் ட்ரோடாட் மருந்துக்கு 140-தான் ஆற்றல் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கும் மீடியம் எனர்ஜியை மாட்டினால் தெளிவுதான் வீணாகும்.

காலிமேட்டரை மாற்றியதும் அதற்குரிய சீர்மைத் திருத்தமும் (புலமெங்கும் கவுண்டைச் சமன்படுத்துவது) சுழல்மையத் திருத்தமும் (கேமரா சுற்றும் மையத்தைச் சரிசெய்வது) கணினியில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு காலிமேட்டரின் திருத்தம் இன்னொன்றுக்கு உதவாது. சிறு சீரின்மையும் வளையமாக விழும். சுழல்மையத்தை நெருங்க நெருங்க வளையம் அழுத்தமாகும், தலாமஸ் இருப்பது அங்கேதான். காலிமேட்டரின் மங்கலைக் கணக்கிட்டுத் திருத்தும் ரெசல்யூஷன் ரிகவரி மென்பொருளில் காலிமேட்டர் பெயர் தவறாக இருந்தால், இல்லாத விளிம்புகள் தெரியும்.

மாற்றும் நேரத்தில் சோடியம் அயோடைடு படிகம் திறந்து நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் சில டிகிரி வெப்பம் மாறினாலே அது விரிசல் விடலாம். வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலில் மின்சாரம் போய் ஏசி நின்றிருந்தால், அந்த நேரத்தில் காலிமேட்டரைக் கழற்றவே வேண்டாம்.

பதிவு முடிந்ததும் நோயாளியை இறக்கிவிடாமல், எல்லாக் கோணங்களையும் சினியில் (படங்களை அடுத்தடுத்துத் திரைப்படம்போல ஓட்டுவது) ஓடவிட்டுப் பாருங்கள். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். ஆரமோ தலையின் நிலையோ பிசகியிருந்தால், அதே ஊசியிலேயே உடனே இன்னொரு முறை எடுத்துவிடலாம்.