மலை வீட்டுக்கு முன் ஒரு மழை வாரம்

மலேசியாவில், தாப்பா தோட்டத்து லயத்து வீட்டில், ஒரே கூரைக்குக் கீழ் எட்டுப் பேர் வளர்ந்தோம். அதனாலோ என்னவோ, கேமரன் மலையில் சின்னதாய் ஒரு பலகை வீடு, வாசலில் நாலு பாத்தி கீரை, பிள்ளைகளோடு அமைதியான வாழ்க்கை என்ற ஆசை எங்கள் ஊரில் பலருக்கும் உண்டு. எனக்கும்தான்.

ஆசைப்படுகிறவர்கள் முதலில் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, வாங்கிப் பாருங்கள். விவசாய நிலம் என்று போட்டிருந்தால், வீடு கட்டலாமா என்று நில அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டி.ஓ.எல். நிலம் என்றால் இன்னும் கவனம். அது அரசு நிலத்தில் இருக்கத் தரும் தற்காலிக உரிமம்தான். டிசம்பர் 31ஓடு முடியும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கும் போய்ச் சேராது. "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்ற பேச்சை நம்பிச் சேமிப்பைக் கொட்ட வேண்டாம்.

அடுத்து, அக்டோபர், நவம்பர் மழையில் குடும்பத்தோடு ஒரு வாரம் அங்கே போய் இருங்கள். ஒரே அறை, சமையலும் நீங்களே. அங்குள்ள தானா ராத்தா ஊர் கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரம். நாங்கள் போனபோது மூன்றாம் நாளே தலையணை உறை சில்லென்று ஈரமாக இருந்தது. மகனின் காற்சட்டை காயவே இல்லை. அம்மாதான் அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார்.

அங்கே மெத்தையைத் தரையில் விரிக்காதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள், பூசணம் பிடிக்காது.