அரிவாள் எடுக்கப் போன அந்த இரண்டு நிமிடம்: பக்கத்து வீட்டுச் சண்டையும் தற்காப்புச் சட்டமும்

"இடத்தகராறில் முன்விரோதம், பக்கத்து வீட்டுக்காரருக்கு வெட்டு." நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் நாம் எத்தனை முறை படித்திருப்போம் இந்த வரியை. வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் பெரும்பாலும் ரவுடிகளாக இருப்பதில்லை. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியிருப்பார். வரப்பு ஒரு சாண் நகர்ந்தது, முருங்கைக் கிளை சுவரைத் தாண்டியது, கழிவுநீர் இந்தப் பக்கம் வந்தது என்று ஏதோ ஒன்றில் ஆரம்பித்திருக்கும்.

கைதானவர் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: "அவன்தான் முதலில் அடிக்க வந்தான், நான் தற்காப்புக்காகச் செய்தேன்." பலர் அதை மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நினைக்கும் தற்காப்பு வேறு, சட்டம் சொல்லும் தற்காப்பு வேறு. இது தெரியாமல் பத்து வருடம் சிறையில் போனவர்களின் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளாக இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக இருக்கின்றன. எண்கள் மாறின, சாரம் மாறவில்லை. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் பொருந்தும். நம் உடலை மட்டுமில்லை, அடுத்தவர் உடலைக் காப்பாற்றவும் உரிமை உண்டு. தாக்க வருபவர் குடிபோதையில் இருந்தாலும், மனநிலை சரியில்லாதவராக இருந்தாலும் அந்த உரிமை குறையாது. இவ்வளவு இருந்தும் இந்த வாதம் பல வழக்குகளில் ஏன் தோற்கிறது?

வீட்டுக்குள் போய் எடுத்துவருவது

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. இப்படி வைத்துக்கொள்வோம். காலையில் வாய்க்கால் தண்ணீருக்காக வாக்குவாதம். ஒருவர் மற்றவரின் சட்டையைப் பிடித்து இரண்டு அறை அறைகிறார். சுற்றியிருந்தவர்கள் விலக்கிவிடுகிறார்கள். அடிபட்டவர் நேராக வீட்டுக்குப் போகிறார், கூரைச் செருகலில் இருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

நீதிமன்றத்தில் அவர் "தற்காப்பு" என்று சொன்னால், அரசு வழக்கறிஞர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: அரிவாள் எங்கே இருந்தது? வீட்டில் இருந்தது என்றால், அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். ஆபத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். கதவைச் சாத்தியிருக்கலாம், 100-க்கோ 112-க்கோ கூப்பிட்டிருக்கலாம். காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமையே கிடையாது என்று பிரிவு 37 சொல்கிறது. அந்த இரண்டு நிமிட நடைதான் தற்காப்பைப் பழிவாங்கலாக மாற்றிவிடுகிறது. அதற்கு மேல் "அவன்தான் முதலில் அடித்தான்" என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்பதற்கு வேண்டுமானால் உதவலாம்.

அதற்காக அடிபட்டுக்கொண்டே நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முதல் வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தாக்கும் முயற்சியோ மிரட்டலோ நியாயமான அச்சத்தைத் தந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது என்பது பிரிவு 40. உயிர்ப் பயத்தில் இருப்பவர் தன் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையின் கொள்கைகளைத் தொகுத்து எழுதியது. அதுவும் ஒரு நிலத்தகராறுதான். தந்தையைக் கண்டாசா என்ற வெட்டுக் கருவியால் தாக்கியவரை மகன் துப்பாக்கியால் சுட்டார். உயர் நீதிமன்றம் தண்டித்திருந்தது, உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தாக்குதல் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அந்த இடத்தில் சுட்டார் என்பதுதான் அங்கே முக்கியம்.

வாயில் மண்வெட்டி, கடப்பாரை என்று பேசுவதற்கும் கையில் எடுத்து ஓங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. கெட்ட வார்த்தைக்கும், குடும்பத்துப் பெண்களை இழுத்துப் பேசுவதற்கும் கம்பால் பதில் சொல்ல தற்காப்புரிமை இல்லை. அது திடீர்க் கோபம் என்ற தனி வாதம். அது கொலைக் குற்றத்தைக் குறைக்கலாம், முழுதாக விடுவிக்காது.

ஓடுகிறவன் முதுகில் விழும் வெட்டு

முன்னால் இரண்டு நிமிடம் போலவே பின்னால் இரண்டு நிமிடமும் இருக்கிறது. ஆபத்து இருக்கும்வரைதான் உரிமை. தாக்க வந்தவர் கீழே விழுந்துவிட்டார், ஆயுதத்தைப் போட்டுவிட்டார், திரும்பி ஓடுகிறார் என்றால் உரிமை அங்கேயே முடிந்துவிட்டது.

1962-இல் ஜெய்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அன்றைய பஞ்சாபின் ஒரு கிராமத்தில் வயலுக்காக இரு தரப்புக்கும் மோதல். வயலைக் கைவசம் வைத்திருந்தவர்களுக்கு ஆரம்பத்தில் உரிமை இருந்தது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் எதிர்த்தரப்பு ஓட ஆரம்பித்த பிறகும், தூரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களைச் சுட்டதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று முடித்தது.

பிரேதப் பரிசோதனை அறிக்கை பொய் சொல்லாது. முன்னங்கையில் ஒரு காயம், முதுகில் நான்கு காயம் என்றால் கதை தெரிந்துவிடும். உரிமை இருந்து, நல்ல நம்பிக்கையில், பழிவாங்கும் எண்ணமில்லாமல் கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டார் என்று நிரூபித்தால் கொலைக் குற்றம் ஒருபடி இறங்கும். அப்போதும் பிரிவு 105-இன்படி ஆயுள் தண்டனையோ ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரையோ கிடைக்கலாம். ஆள் சாகாமல், வெட்டில் கொடுங்காயம் பட்டாலும் பிரிவு 118(2)-இன்படி குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள்.

"என் இடம், என் வேலி"

சொத்தைக் காக்கவும் உரிமை உண்டு. திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் நான்கையும் தடுக்கலாம், தேவையான அளவு பலத்தோடு. ஆனால் சொத்துக்காக உயிரை எடுக்கும் அளவுக்குப் போக பிரிவு 41 விட்டிருப்பது சில சந்தர்ப்பங்கள் மட்டும்தான்: கொள்ளை, சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்து நுழைவது, மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் தரும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல். பட்டப்பகலில் எல்லைக்கல்லைப் பிடுங்குவது இந்தப் பட்டியலில் வராது. எவ்வளவு வயிறு எரிந்தாலும் வராது.

இன்னொன்று, பட்டா கையில் இருந்தால் எல்லாம் செய்யலாம் என்ற நினைப்பு. குற்றவியல் நீதிமன்றம் முதலில் பார்ப்பது நிலம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசம் இருந்தது என்பதை. அத்துமீறி நுழைகிறவரை நுழையும்போதே தடுக்கலாம். அவர் நுழைந்து, கொட்டகை போட்டு, பயிர் வைத்து, உங்களுக்கும் அது தெரிந்து காலம் ஓடிவிட்டால், உண்மையான உரிமையாளரே ஆனாலும் நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று 1975-இல் பூரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆள் திரட்டிப் போய்ப் பிடுங்கினால் அங்கே தற்காப்புரிமை எதிர்த்தரப்புக்குப் போய்விடும். நம் நிலத்தில், நமக்கு எதிராக! இதைக் கேட்டுப் பலர் நம்புவதே இல்லை. உங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றியிருந்தால், குறித்தகு நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அதில் பத்திரம் யார் பெயரில் என்ற விசாரணைகூட வேண்டியதில்லை.

வேலியில் மின்சாரம் விடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பன்றிக்கு வைத்தேன், ஆடு மேய விடுகிறான் என்று வைத்தேன் என்பார்கள். பீகாரில் நடந்த செரூபின் கிரெகரி வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பக்கத்து வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்துவிட்டதால் அந்த வீட்டார் இவருடைய கழிப்பறையைப் பயன்படுத்தினார்கள். இவர் எதிர்த்தார், கேட்கவில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார். அந்த வீட்டுப் பெண் ஒருவர் தொட்டு இறந்துபோனார். அத்துமீறி நுழைந்தவர்தான் என்றாலும் அவர் உயிருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, தற்காப்பு வாதத்தை நிராகரித்துத் தண்டனையை உறுதி செய்தார்கள். நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது வேலை செய்யும் கம்பிக்கு, வந்தது திருடனா, பந்து எடுக்க வந்த குழந்தையா என்று தெரியாது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்தவனைச் சுடலாம் என்று பேசுகிறவர்களும் உண்டு. அது வேறு நாட்டுச் சட்டம். பின்வாங்காமல் நின்று எதிர்க்கலாம் என்று 2005-இல் சட்டம் போட்ட புளோரிடாவிலேயே, 2023-இல் பூட்டிய கதவின் வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றவருக்கு அடுத்த ஆண்டு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. இங்கே உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை எடுத்தால் ஆயுதச் சட்டமும் தனியாகச் சேரும்.

சம்பவத்துக்குப் பிறகு செய்யும் தவறுகள்

உண்மையிலேயே தற்காப்புக்காகச் செய்தவர்களும் இங்கேதான் தோற்கிறார்கள். பயத்தில் தலைமறைவாவது, ஆயுதத்தைக் கழுவிக் கிணற்றில் போடுவது, "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று சொல்வது. கடைசியில் சொன்னது மிகவும் ஆபத்தானது. அங்கே இல்லாதவர் எதிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டார்? வெளிப்படையாக இந்த வாதத்தை வைக்காவிட்டாலும் சாட்சியத்தில் தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று 1967-இல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள்தான். ஆனால் அதை நம்பிப் பொய்யில் இறங்கக் கூடாது.

உங்களுக்கும் காயம் இருந்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். எத்தனை பேர் தாக்கினார்கள், எதனால், எத்தனை மணிக்கு என்று மருத்துவர் கேட்பார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பதற்றத்தில் "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து "அவன் வெட்டினான்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தற்காப்பை நிரூபிக்கும் சுமை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான். நல்லவேளையாக அது அரசுத் தரப்பின் சுமை போல அவ்வளவு கனமானதில்லை, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உங்கள் உடம்பில் இருக்கும் பெரிய காயம் எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு சொல்லாமல் மறைத்தால், அது அவர்கள் வழக்கையே பலவீனப்படுத்தும் என்பது 1976-இல் லட்சுமி சிங் வழக்கிலிருந்து நிலைத்த கருத்து. அந்தக் காயத்துக்குச் சாட்சி அந்த ஏ.ஆர். காப்பிதான்.

இரண்டு பக்கமும் ஆள் சேர்த்து, கம்போடு ஒரே இடத்துக்கு வந்து மோதிக்கொண்டால் இரு தரப்புக்குமே தற்காப்பு என்ற பேச்சு எடுபடாது. ஆகவே ஃபோன் போட்டு மச்சானையும் சித்தப்பா மகனையும் வரச் சொல்லும் முன் யோசியுங்கள். கூட்டமாகப் போன ஒவ்வொருவர் மேலும் வழக்கு வரும், அடிக்காதவர் மேலும்.

இதெல்லாம் ஒரே நாளில் வெடிப்பதில்லை. முதல் மிரட்டலிலேயே எழுத்தில் புகார் கொடுத்து மனு ஏற்புச் சான்றை, அதாவது சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைக்கலாம். நாளைக்கு முன்விரோதம் என்று அது உங்களுக்கு எதிராகவும் பேசப்படலாம், உண்மைதான். ஆனாலும் வழிதேடிப் போனவர் யார் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. எல்லைச் சந்தேகத்துக்கு நில அளவைக்குக் கட்டணம் கட்டி, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்பட நகலோடு சர்வேயரை வைத்து அளக்கலாம். அமைதி கெடும் என்ற நிலை வந்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் எதிர்த்தரப்பிடம் அமைதி காப்பதற்கான பிணை கேட்கலாம். நிலத்தின் அனுபவம் பற்றிய சச்சரவை 164-ஆம் பிரிவில் நிர்வாக நடுவர் முன் கொண்டு போகலாம், நம் மாவட்டங்களில் அது பெரும்பாலும் கோட்டாட்சியர்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் வாய்மூடி இருக்க வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கிடைக்கும், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.