எந்த மாதா? கையில் தொடங்கிக் காலுக்கு இறங்குங்கள்

மரியாளின் சிலைகளான மாதா சுரூபங்களுக்குப் புது வண்ணம் பூசுவது என் தொழில். இது எந்த மாதா என்று கேட்டால், கொண்டுவருபவருக்கே பல நேரம் தெரியாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். முகம் ஒன்றும் சொல்லாது, எல்லா மாதாவும் சாந்தமாகத்தான் இருப்பார். முதலில் கையைப் பாருங்கள், அப்புறம் காலை.

கைகள் தாழ்ந்து விரிந்து, விரல்களிலிருந்து கதிர்கள் புறப்பட்டால், 1830-இல் பாரிஸில் கன்னியாஸ்திரி கத்தரீன் லபூரே கண்ட காட்சியை ஒட்டிய அற்புதப் பதக்க மாதா. பாதம் பாம்பை மிதித்திருக்கும். கையில் உத்தரியமும் (நாடாவில் கோத்த இரு சிறு துணித் துண்டுகள்), உடலில் பழுப்பு அங்கியும் என்றால் கார்மேல் மாதா. நெஞ்சில் வாள் பாய்ந்திருந்தால், அது ஒன்றோ ஏழோ, வியாகுல மாதா.

கை கூப்பி நிற்கிற இருவரிடம்தான் குழப்பமே. லூர்து மாதாவுக்கு இடுப்பில் நீலக் கச்சை, இரு பாதங்களிலும் பொன்னிற ரோஜா. பாத்திமா மாதாவுக்குக் கச்சை இல்லை. முக்காட்டின் ஓரத்தில் பொன் கரை ஓடும், தலையில் பெரும்பாலும் கிரீடம். ஏற்கெனவே யாரோ பூசிய நீலத்தை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளை அங்கியைக் கண்டதும் நீலத்தைத் தீட்டிவிடுகிறார்கள், என்ன அவசரமோ! ரோஜா பல பூச்சுகளுக்கு அடியில் மூழ்கியிருக்கும். டார்ச்சைப் பாதத்தின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். இதழ்களின் மேடு நிழல் கட்டும்.

படங்களில் எனக்குப் பிடித்தது சகாய மாதா. மூலப் படம் ரோமில், புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. இங்கும் கால்தான் அடையாளம். குழந்தையின் ஒரு செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. காரணம் மேலே: வானதூதர் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும் ஏந்தி நிற்க, பிள்ளை அதைத் திரும்பிப் பார்த்தபடி இரு கைகளாலும் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. தாயோ பிள்ளையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறார்.

வானத்தில் நிற்கும் மாதா என்றால், படத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். பிறைநிலாவும் குட்டி வானதூதர்களும் மட்டும் இருந்தால் அமலோற்பவம், அதாவது பாவமாசின்றி உற்பவித்த மாதா. ஸ்பானிய ஓவியர் முரில்லோ இதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கீழே இயேசுவின் சீடர்களான திருத்தூதர்கள் கூட்டமாக அண்ணாந்து பார்த்தால் விண்ணேற்பு, மாதா விண்ணகம் எடுத்துக்கொள்ளப்படுவது. வெனிஸ் ஃப்ராரி ஆலயத்துக்கு ஓவியர் டிஷியன் 1518-இல் முடித்துக்கொடுத்த படத்தில், சிவப்பு உடுத்திய ஒருவர் எட்டிப் பிடிக்கப்போவதுபோல் இரு கைகளையும் உயர்த்தியிருப்பார்.