நீலமாக மாறிய தங்கக் கரைசல்

தேவிபட்டினத்தில் நான் பணிபுரியும் சிறு ஆய்வகத்தில், சிட்ரேட் (சிட்ரிக் அமில உப்பு) கொண்டு தயாரித்த தங்க நானோ துகள்களின் செந்நிறக் கரைசல், நீர் சேர்த்துச் செறிவைக் குறைத்த சில நிமிடங்களிலேயே நீலமாகி, மறுநாள் அடியில் கருமையாகப் படிந்துவிட்டது.

முதலில் வெயிலையே சந்தேகித்தேன். கேனில் இருந்தது வாலைவடிநீர் அல்ல, உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் என்பது மின்கடத்துதிறனை அளந்தபோதுதான் தெரிந்தது. துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்தும் சிட்ரேட்டின் எதிர்மின்சுமையை உப்பின் அயனிகள் மறைத்துவிடுவதால், துகள்கள் நெருங்கித் திரண்டு, நிறமும் நீலமாகிவிடுகிறது. உப்பு சேர்த்தால் செந்நிறம் நீலமாவதை மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே பதிவு செய்திருக்கிறார். திரண்டதை மீட்க வழியில்லை என்பதால், எல்லாவற்றையும் புதிதாகத் தயாரித்தேன்.

இப்போது ஒவ்வொரு கேனையும் அளந்த பிறகே பயன்படுத்துகிறேன். கடல்நீர் மாதிரிகளுடன் கலக்க வேண்டிய கரைசலில், உப்பிலும் துகள்கள் திரளாமல் இருக்க, தயோல் முனை (தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும் கந்தக முனை) கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பாலிமரை முன்னதாகச் சேர்த்து ஓர் இரவு வைத்துவிட்டு, செந்நிறத்துக்குக் காரணமான, 520 நானோமீட்டர் அருகிலுள்ள ஒளி உறிஞ்சல் உச்சம் விரிவடையாமல் இருப்பதை உறுதிசெய்துகொள்கிறேன்.