பழைய ஹார்ட் டிஸ்க் தட்டிலிருந்து லேசர் மிரர்: வெட்டுவது முதல் பொருத்துவது வரை

தை மாதக் கல்யாணங்களுக்காகப் பெயர்ப்பலகை ஆர்டர்கள் கையில் இருந்த நேரத்தில் என் 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷினில் கதிரைத் திருப்பிவிடும் மூன்று மிரர்களில் முதலாவது எரிந்துபோனது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெடிப்பு. புது மிரர் வர பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். அலமாரியில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, அதன் தட்டிலிருந்து ஒரு மிரர் வெட்டிப் போட்டு அந்த ஆர்டர்களை முடித்தேன். முதல் மூன்று வெட்டு வீணானது. நான்காவதில் சரியாக வந்தது. அந்த மூன்றும் ஏன் வீணாயின என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். மெஷினைக் கழற்றி மாட்டுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சொல் விஷயம். தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. இந்த வேலையில் அந்தக் குழப்பம் ஆபத்தானது. அதனால் ஒளியைத் திருப்புவதை மிரர் என்றும், உடையும் பொருளைக் கண்ணாடி என்றும் எழுதுகிறேன்.

முகம் பார்க்கும் கண்ணாடி ஏன் ஆகாது?

வீட்டு நிலைக்கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஒளி கண்ணாடிக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். நம் லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான், இந்தக் கதிர் கண்ணாடிக்குள் போகவே போகாது, மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுச் சூடாக்கி உடைத்துவிடும். சி.டி., டி.வி.டி. தட்டுகளும் அதே காரணத்தால் கூடாது, அவற்றின் உலோகப் பூச்சுக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் தட்டில் அப்படி இல்லை. அலுமினியத் தட்டு, அதன் மேல் நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு, அதற்கு மேல் மிக மெல்லிய கோபால்ட் கலவைப் படலம், கடைசியாகக் கார்பன் படலம். பளபளப்பு முன்பக்கத்திலேயே இருக்கிறது. தட்டுக்கும், அதில் உள்ள தகவலைப் படிக்கும் தலைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான் என்பதால் அந்த அளவுக்கு வழவழப்பாக மெருகேற்றியிருக்கிறார்கள். அந்த மெருகை நாம் காயலான் கடை விலைக்கு வாங்குகிறோம்.

இந்த லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். மெஷினைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

முதலில் பாதுகாப்பு

இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கதிரை உண்டாக்கும் டியூபுக்குப் போகும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். மிரரைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டு, அப்புறம் கை வையுங்கள். 10.6 மைக்ரானுக்கு என்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமலும், மூடி திறந்திருக்கும்போதும் ஒருபோதும் லேசரைச் சுட வேண்டாம். நீல டையோடு லேசர் வைத்திருப்பவர்களுக்கு இந்த மிரர் ஏற்றதல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியை இந்தத் தட்டு அவ்வளவு நன்றாகத் திருப்பாது.

டிஸ்க் வாங்குவது, திறப்பது

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஓடாத டிஸ்க் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 3.5 அங்குல டெஸ்க்டாப் டிஸ்க்காகக் கேளுங்கள். கொள்ளளவு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கனமான பழைய டிஸ்க்கில் இரண்டு மூன்று தட்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

திறக்க டி8 நட்சத்திர முனை போதும், சிலவற்றுக்கு டி6-உம் வேண்டும். மூடி வராவிட்டால் நெம்பாதீர்கள். ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், விரலால் அழுத்தித் தடவினால் பள்ளம் தெரியும். உள்ளே இருக்கும் இரண்டு காந்தங்கள் சிறியவை, ஆனால் விரலை நசுக்கிவிடும். ஒன்றை ஒன்று நெருங்க விடாதீர்கள். தட்டை எடுக்கும் முன் கையுறை போடுங்கள். விரல்ரேகையின் எண்ணெய் லேசர் பட்டதும் கருகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும்.

அலுமினியமா, கண்ணாடியா?

இதைச் சோதிக்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டுதான். அதுவும் அதே பளபளப்போடு இருக்கும். வெட்டப் போனால் நூறு துண்டாகச் சிதறும். 3.5 அங்குலம் என்றால் அலுமினியம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2000-இல் ஐ.பி.எம். வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி. டெஸ்க்டாப் டிஸ்க்தான், ஆனால் அதில் இருந்தது கண்ணாடித் தட்டு.

தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்லலாம் என்பார்கள். அலுமினியத் தட்டும் மணி மாதிரி ஒலிக்கும், ஆகவே அது உதவாது. எடையும் உதவாது. இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்பகமான சோதனை அரம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடுத்துளையின் விளிம்பில் நைஸ் அரத்தால் நான்கு இழு இழுங்கள். அரம் கடித்து, வெள்ளி நிறத் துகள் விழுந்தால் அலுமினியம். வழுக்கிக்கொண்டு கீச்சிட்டால் கண்ணாடி. அதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று தட்டு இருந்தால் ஒன்றைத் தடித்த துணியில் சுற்றி வளைத்துப் பார்க்கலாம். வளைந்தபடியே நின்றால் அலுமினியம்.

வெட்டுவது: மூன்று மிரர் வீணான இடம்

3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு 95 மி.மீ. விட்டம், நடுத்துளை 25 மி.மீ. ஆக 35 மி.மீ. அகலமுள்ள வளையம் நமக்குக் கிடைக்கிறது. என் மெஷினுக்கு 25 மி.மீ. மிரர் வேண்டும். 25 மி.மீ. என்று எழுதியிருந்த ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும், பல் வைத்த உருளை) வாங்கினேன். தவறு அங்கேயே தொடங்கியது. அந்த அளவு வெளித்துளையின் அளவு. உள்ளே கிடைக்கும் வில்லை, அதாவது வெட்டிய வட்டத் துண்டு, நான்கு மி.மீ. அளவுக்குச் சிறியது. 29 மி.மீ. ஹோல் சாவில்தான் 25-க்குச் சற்றுக் கூடுதலாக வில்லை வந்தது, அரத்தால் சரி செய்துகொண்டேன். ஒரு தட்டில் ஐந்து வில்லை தாராளமாக எடுக்கலாம். இப்படிப்பட்ட சாமான்களுக்கு நான் போவது பாரிமுனை செம்புதாஸ் தெரு. கையில் எடுத்துப் பல்லைப் பார்த்து வாங்கலாம். பை-மெட்டல் வகையை வாங்குங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஹோல் சாவின் நடுவில் வழிகாட்டத் துளைமுனை ஒன்று இருக்கிறது. அது முதலில் இறங்கி, மிரரின் நட்ட நடுவில், கதிர் விழ வேண்டிய அதே இடத்தில், 6 மி.மீ. ஓட்டை போட்டுவிடும். சரி, அதைக் கழற்றிவிட்டு வெட்டலாம் என்று பார்த்தால் ஹோல் சா தட்டின் மேல் நடனமாடிக் கீறித் தள்ளிவிட்டது.

இப்போது நான் செய்வது இது. 12 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை டிரில் ஸ்டாண்டின் மேடையில் இரண்டு சி கிளாம்பால் இறுக்குகிறேன், அடியில் தட்டு நுழையும் அளவுக்கு இரு ஓரமும் சிறு கட்டை கொடுத்து. துளைமுனையோடு அந்தப் பிளைவுட்டில் ஒரு வட்டம் முழுவதுமாக வெட்டுகிறேன். பிளைவுட்டை அசைக்காமல், அல்லன் சாவியால் துளைமுனையை மட்டும் கழற்றி எடுக்கிறேன். இனி அந்த மரவட்டமே ஹோல் சாவைப் பிடித்து வழிநடத்தும். தட்டை இன்னொரு பிளைவுட்டின் மேல் வைத்து அடியில் தள்ளி, சந்தில்லாமல் இறுக்கி, மெதுவான வேகத்தில் வெட்டுகிறேன். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். கையில் பிடித்த டிரில்லில் இதைச் செய்ய வேண்டாம். ஸ்டாண்டு இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறையில் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

தட்டின் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும், பிசிறு அடிப்பக்கம்தான் அதிகம் வரும். முகத்தின் மேல், புது மொபைல் திரையில் ஒட்டிவரும் நீலநிறப் பாதுகாப்புப் படலத்தை ஒட்டுகிறேன். ரிச்சி தெருவின் மொபைல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மாஸ்கிங் டேப் எனக்குப் பிடிக்கவில்லை, பசையைத் துடைக்கத் துடைக்கத்தான் கீறல் விழுகிறது.

வெட்டி முடிந்த நொடியில் வில்லை ஹோல் சாவோடு சேர்ந்து சுழலும். அதைத் தடுக்க, தட்டின் பின்பக்கத்தை டபுள் சைடு டேப்பால் அடிப்பலகையில் ஒட்டியிருந்தேன். என் மூன்றாவது மிரர் இதில்தான் போனது. டேப்பிலிருந்து வில்லையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெஷினில் மாட்டியதும் வட்டமாக விழ வேண்டிய புள்ளி முட்டை வடிவத்தில் விழுந்தது. இந்தத் தட்டின் தடிமன் 1.27 மி.மீ.தான். நெம்பும்போது கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கிறது. பலகையோடு அசிட்டோனில் ஊற வையுங்கள். டேப் இளகி, வில்லை தானாக வழுக்கி வரும். ஹோல் சாவுக்குள் சிக்கிக்கொண்டால் பக்கத்துச் சந்து வழியாகத் துடைப்பத்து ஈர்க்குச்சியால் தள்ளுங்கள், இரும்பு எதுவும் வேண்டாம்.

வளைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: படலத்தை உரித்துவிட்டு, டியூப் லைட்டின் பிம்பத்தை மிரரில் சாய்வாகப் பாருங்கள். மெதுவாகத் திருப்பும்போது விளக்கின் நேர்கோடு நடுவில் நேராகவே ஓட வேண்டும். விளிம்பில் ஒரு மி.மீ. வளைந்தால் பரவாயில்லை, கதிர் அங்கே விழாது. நடுவில் நெளிந்தால் அந்த வில்லையை விட்டுவிடுங்கள்.

பொருத்துவது

விளிம்பின் பிசிறை நைஸ் உப்புத்தாளில் எடுக்கும்போது படலம் முகத்திலேயே இருக்கட்டும். அப்புறம் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளை அழுத்தாமல் ஒரே திசையில் ஒருமுறை இழுங்கள். தேய்க்கக் கூடாது.

கடையில் வரும் மிரர் 3 மி.மீ. தடிமன், நம்முடையது அதில் பாதிகூட இல்லை. முன்விளிம்பில் மிரர் வந்து முட்டி நிற்கும் ஹோல்டர் என்றால் பின்னால் ஒரு அலுமினிய வில்லையை வையுங்கள், இடைவெளியும் நிரம்பும், சூடும் இறங்கும். ஒட்ட வேண்டாம். ஹோல்டரின் வளையத்தை விரல்பலத்துக்கு மேல் இறுக்கவும் வேண்டாம், அதிலும் மிரர் வளையும்.

கதிரை நேர்படுத்தும்போது மிகக் குறைந்த சக்தியில் ஒவ்வொரு மிரருக்கும் முன்னால் மாஸ்கிங் டேப் வைத்து, மூடியை மூடி, ஒரே ஒரு முறை சுடுங்கள். டேப்பை மிரர் மேலேயே ஒட்டினால் புகை முகத்தில் படியும், ஹோல்டரின் விளிம்பில் இடைவெளி விட்டு ஒட்டுங்கள்.

சக்தி குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தங்கம் பூசிய சிலிக்கான் மிரர் 98 சதவீதத்துக்கு மேல் திருப்பும். மெஷினில் மூன்று மிரர். ஒவ்வொன்றும் 98 என்றால் கடைசியில் 94 சதவீதம் வந்து சேரும், ஒவ்வொன்றும் 90 என்றால் 73தான். அதனால் மூன்றையும் தட்டு மிரராக மாற்றாதீர்கள். எரிந்துபோன ஒன்றின் இடத்தில் மட்டும் போடுங்கள். நான் வேகத்தைக் குறைத்து 3 மி.மீ. அக்ரிலிக்கை வெட்டினேன். நீண்ட வேலைக்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் மிரர் அழுக்காகிவிட்டது.

பின்சேர்க்கை 1

திருவொற்றியூரில் இருந்து எழுதிய ஒருவர், இரண்டே மாதத்தில் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது என்றார். வெட்டிய விளிம்பில் நிக்கல் பூச்சு இல்லை, அலுமினியம் வெளியே தெரிகிறது, அங்கே கடல்காற்று வேறு. விளிம்பைச் சுற்றி மட்டும் நெயில் பாலிஷை மெல்லியதாகப் பூசுங்கள், முகத்தில் ஒரு துளியும் படக்கூடாது. அவருக்கு அதன்பின் பொடி வரவில்லை.

பின்சேர்க்கை 2

மே மாதத்தில் இரண்டு பேர், மிரர் திடீரென்று மங்கிவிட்டது என்று எழுதினார்கள். இருவருமே டியூபைக் குளிர்விக்கும் தண்ணீரில் ஐஸ் பாட்டில் போட்டிருந்தார்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அதுதான் வழி, நானும் போடுகிறேன். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் தண்ணீரை ஒரேயடியாகக் குளிரவைத்தால் டியூப் வியர்க்கும். டியூபின் முனையில் கதிர் வெளியே வரும் ஜன்னலிலும் அந்த ஈரம் படியும், சக்தி விழும். மிரரைக் குறை சொல்லும் முன் டியூபின் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது காயும்வரை சுட வேண்டாம். ஒரே பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய பாட்டில்களாக ஒவ்வொன்றாகப் போட்டு, தண்ணீர் ஒரேயடியாகக் குளிராமல் பார்த்துக்கொண்டால் வியர்வை நின்றுவிடுகிறது.

மீதி நான்கு வில்லைகளை நீலப் படலத்தோடு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் வெட்டிய தேதி மார்க்கரில் எழுதியிருக்கிறது.